தொட்டித் தண்ணீர்

வீட்டுக்காரரின் குதிகாலில் ஏறியது ஒரு கம்பி முனை. அவ்வளவுதான். பாம்பு கடிக்கவில்லை, லாரி ஏறவில்லை. கோழிக் கொட்டகையின் வலை ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு சுண்டுவிரல் நீளக் கம்பி, தேய்ந்துபோன ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அதிலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு, "இதெல்லாம் ஒரு காயமா" என்று சொல்லிவிட்டு, தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார் மனுஷன். பதினைந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நாளான இன்று மூன்றாவது மாடியில், உடம்பு அடுப்பாய்க் கொதிக்க, கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார்.

அவர் பெண்டாட்டியை அவர் கூப்பிடுவது 'பசை' என்று. கல்யாணமான புதிதில் கொஞ்சலாக வைத்த பெயர் என்று யாராவது நினைத்தால் தப்பு. அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு நோட்டு. பண்ணையில் ஒவ்வொரு மருந்து டப்பா காலியானதும் அவள் அதை வெந்நீரில் ஊறவைத்து, மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழியாமல் உரித்து, ஒரு பள்ளிக்கூட நோட்டில் பசை தடவி ஒட்டிவைப்பாள். கீழே, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தத் தேதியில் முடிந்தது, எத்தனை கோழி செத்தது என்று எழுதுவாள். எட்டாவதுவரை படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். எழுதினால் தப்பு வரும், ஒட்டினால் வராது என்பது அவள் கட்சி. "நம்ம வீட்டுல கோழிக்குக்கூட ஜாதகம் இருக்கு, எனக்குத்தான் இல்ல" என்று அவர் கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும் என்று விட்டுவிடுவாள்.

டப்பாக்களைக் கொண்டுவருவது டானிக்காரர். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பெட்டி கட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருவார். மருந்து என்ற சொல் அவர் வாயில் வரவே வராது, எல்லாமே டானிக். குஞ்சு வந்து இறங்கினால் ஒரு டானிக், தும்மினால் ஒரு டானிக், வெயில் ஏறினால் ஒரு டானிக். கோழி நன்றாகவே இருந்தால், நன்றாகவே இருப்பதற்கு ஒரு டானிக். கொட்டகையின் கோடியில், சிமெண்டு மேடையின் மேல் ஒரு கறுப்புத் தொட்டி. காலையில் தண்ணீர் நிரப்பி, மூடியால் அளந்து ஊற்றி, ஒரு நீளக் குச்சியால் கலக்கிவிட்டால் குழாய் வழியாக ஆறாயிரம் கோழிக்கும் போய்விடும். தொட்டிக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் உண்டு. அந்தக் குழாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவளால் மறக்க முடியவில்லை.

டாக்டரம்மா சின்ன உருவம். விளையாட்டுக்காரர்கள் போடுகிற மாதிரி ஷூ போட்டுக்கொண்டு, வார்டுக்குள் வேகவேகமாக நடப்பார். பேச்சு மட்டும் மெதுவாக வரும். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் ஒரே குரலில் சொல்லுகிறவர். அதனால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம், எது வரப்போகிறது என்று பசைக்குக் கடைசிவரை தெரியாது.

"இங்க வர்றதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை சாப்பிட்டாரு? ஒண்ணுவிடாம சொல்லுங்க."

அவள் சொன்னாள். மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கின மாத்திரை, மூன்று நாள். வலி குறைந்தது, நிறுத்திவிட்டார். மறுபடி வீங்கியதும், பக்கத்துப் பண்ணைக்காரர் தன் பல்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த நாலு மாத்திரை. அப்புறம் ஒரு கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து போட்ட ஊசி, இரண்டு.

"சர்க்கரை இருக்கறது தெரியுமா அவருக்கு?"

"தெரியும். அதுக்கும் அப்பப்பதான் மாத்திரை."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த தாளை அவள் பக்கம் திருப்பினார். காலிலிருந்து எடுத்த சீழை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகிறது என்று பார்த்த ரிப்போர்ட். ஒன்பது வரி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே எழுத்து.

"இது ஆர் தானே?" என்றாள் பசை.

"ஆமா. ஆர்னா, அந்த மருந்துல இந்தக் கிருமி சாகாது. அதுக்கு அந்த மருந்து பழகிப்போச்சு. ஒன்பதுக்கும் ஆர். கொஞ்சம் மாத்திரையும் ரெண்டு ஊசியும் போட்ட உடம்புல இத்தனை ஆர் வராதும்மா. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கோழிப் பண்ணை."

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்: "கோழிக்கு என்ன குடுப்பீங்க?"

"டானிக்கு."

"என்ன டானிக்?"

அப்போதுதான் அவளுக்கு நோட்டு ஞாபகம் வந்தது. பண்ணையில் இருந்த கொழுந்தனுக்குப் போன் பண்ணி, கோழிக்குத் தீவனம் போட்டது போதும், நோட்டை எடுத்துக்கொண்டு வா என்றாள். வீட்டுக்காரரின் தம்பி அவன். கல்யாணம் ஆகவில்லை. எதைச் சொன்னாலும் "சரி அண்ணி" என்பான். அந்தச் சரியில் இரண்டு வகை உண்டு. சட்டென்று வரும் சரி செய்வதற்கு. கொஞ்சம் இழுத்து வரும் சரி செய்யாமல் இருப்பதற்கு. இந்தத் தடவை சட்டென்று வந்தது. முக்கால் மணி நேரத்தில் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அண்ணன் காலில் கறுப்பு ஏறிய இடத்தில் பேனாவால் போட்டிருந்த கோட்டை மட்டும் பார்த்து, முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், கோழி தனியாக இருக்கிறது என்று சொல்லித் திரும்பி ஓடினான்.

டாக்டரம்மா நோட்டை மேசைமேல் விரித்தார். பக்கத்தில் ரிப்போர்ட். ஒரு விரல் அதில், ஒரு விரல் இதில்.

"பெரிய எழுத்துல கலர்கலரா இருக்கறது கம்பெனிக்காரன் வச்ச பேரு. அதைப் பாக்காதீங்க. கீழ பொடி எழுத்துல இருக்கு பாருங்க, அதுதான் மருந்து."

சிவப்புச் சேவல் படம் போட்ட டப்பா. விரல் ரிப்போர்ட்டின் முதல் வரிக்குப் போனது. சூரியன் போட்ட டப்பா, நாலாவது வரி. பச்சை இலை போட்டது, மறுபடி முதல் வரி. ஒரே மருந்தை மூன்று படத்தில் மூன்று தடவை வாங்கியிருக்கிறாள். பக்கம் புரளப் புரள, அவள் ஐந்து வருஷமாக ஆசை ஆசையாக ஒட்டி வைத்ததெல்லாம் அந்த ஒன்பது வரிக்குள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தது. தன் வீட்டுச் சமையலறை அலமாரியை யாரோ ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"மனுஷனுக்குக் குடுக்கற அதே மருந்துங்களா டாக்டர் இதெல்லாம்?"

"அதேதான். கோழி குடிக்கும், எச்சத்துல மிச்சம் வரும், கிருமியும் வரும். தினம் கொஞ்சம் கொஞ்சமா மருந்தைப் பாத்துப் பாத்து, கிருமி தப்பிக்கப் பழகிடும். அந்த மண்ணுல நின்ன கம்பி இவர் கால்ல ஏறியிருக்கு." டாக்டரம்மா கடைசிப் பக்கம்வரை போய், நோட்டை மூடினார். முதல் தடவையாக அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "ஒண்ணு மிச்சம் இருக்கும்மா. எதுவும் கேக்காதப்ப குடுக்கற மருந்து. பழைய மருந்து, கிட்னியைத் தொந்தரவு பண்ணும், ஆனா வேற வழியில்ல. அது உங்க நோட்டுல இல்ல. அதுக்கான டெஸ்ட்டை வேற லேபுக்கு அனுப்பியிருக்கேன், ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது, இப்பவே ஆரம்பிச்சுடலாம். இது கேட்டுச்சுன்னா காலைக் காப்பாத்திடலாம்."

"கேக்கலைன்னா?"

"முட்டிக்குக் கீழ எடுக்கணும். உயிரைப் பாக்கணும்ல."

ஒரு சீட்டில் மருந்தின் பெயரை எழுதி, கீழே மருந்தகத்தில் வாங்கிவரச் சொன்னார். பசை சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு படி இறங்கினாள். நோட்டில் இல்லை, நோட்டில் இல்லை என்று மனசு ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு மாடி இறங்கினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் கால் தானாக நின்றுவிட்டது.

நோட்டில் ஒட்டுவது காலி டப்பாவைத்தான். காலியாகாத டப்பா ஒன்று பண்ணையில் இருக்கிறது.

நீல மூடி போட்ட டப்பா. புதுசு. பதினோரு நாளைக்கு முன்னால் டானிக்காரர் கொண்டுவந்து, "பழசெல்லாம் இப்ப வேலை செய்யலைன்னு எல்லாப் பண்ணையிலும் சொல்றாங்க, இதைப் போட்டுப் பாருங்க, பதினாலு நாள்" என்றார். முதல் ஆறு நாள் அவள்தான் தன் கையால் அளந்து ஊற்றினாள்.

சுவரில் சாய்ந்துகொண்டு கொழுந்தனுக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை தப்பு நம்பர் போய், மூன்றாவது தடவைதான் கிடைத்தது.

"தம்பி, அந்த நீல மூடி டப்பாவை எடு."

"இங்கதான் அண்ணி இருக்கு. ஒரு நாள் விடாம ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். பாதியில நிறுத்தக் கூடாதுன்னு டானிக்காரர் கண்டிஷனா சொல்லியிருக்காரு."

"பெரிய எழுத்தை விடு. கீழ பொடி எழுத்துல என்ன இருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லு."

"கண்ணுக்கே தெரியலையே. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இருங்க, வெளிச்சத்துக்குப் போறேன்." செருப்புச் சத்தம் கேட்டது. பின்னால் ஆறாயிரம் கோழியின் இரைச்சல் கேட்டது. "சி."

அவள் சீட்டில் விரலை வைத்தாள். சி. சி-யில் ஆரம்பிக்கிற பெயர் உலகத்தில் எத்தனையோ இருக்கும்.

"ஓ."

ஓ.

"எல்."

எல். இந்த எழுத்தாவது வேறாக இருக்கக்கூடாதா என்று அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் வேண்டிக்கொண்டாள். இதுவரை எந்த எழுத்திடமும் அவள் இப்படிக் கெஞ்சியதில்லை.

"ஐ. அப்புறம் எஸ். அண்ணி, இருக்கீங்களா?"

"சொல்லு."

"டி. இன்னொரு ஐ. என். அதோட முடிஞ்சுது. அப்புறம் ஏதோ நம்பர் போட்டிருக்கு. எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

சீட்டிலும் அதோடு முடிந்திருந்தது. அவள் போனை வைத்துவிட்டாள். படியில் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு அம்மாள், "மயக்கமா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள். மயக்கம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டப்பா மட்டும் என்றால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கோழிக்குத்தானே ஊற்றினோம், அவர் காலுக்கு இல்லையே என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள். அந்தச் சமாதானத்துக்கும் வழியில்லாமல் போனது தொட்டிக்குக் கீழே இருந்த அந்தச் சின்னக் குழாயால். காயம் பட்ட இரண்டாம் நாள் அவர் நொண்டிக்கொண்டு வந்தபோது, குஞ்சுகளின் கதகதப்புக்கு பல்பு மாட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தத் தொட்டித் தண்ணியிலேயே கழுவுங்க. டானிக்கு கலந்த தண்ணி, ஆறாயிரம் கோழியைக் காப்பாத்துது, உங்க ஒரு காலைக் காப்பாத்தாதா? ஒண்ணும் ஆகாது." கொழுந்தனும் பக்கத்தில்தான் நின்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வருகிற நாள்வரை, காலையும் மாலையும், மனுஷன் அந்தக் குழாயடியில் உட்கார்ந்து குதிகாலை நனைத்துக் கழுவினார். கடைசி ஆறு நாள் நீல மூடித் தண்ணீர்.

தினம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கிருமி பழகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னாரே, அது கோழியின் வயிற்றில் மட்டும் நடக்கவில்லை. அவர் காலுக்குள்ளேயே நடந்திருக்கிறது. அதற்குப் பாடம் நடத்தியது அவள்.

மருந்தை வாங்கிக்கொண்டு மேலே போய், மென்று விழுங்கி, டாக்டரம்மாவிடம் சொன்னாள். டப்பாவில் அதே மருந்துதான் என்று சொன்னாள். கால் கழுவியதையும் சொன்னாள்.

"தொட்டித் தண்ணியிலயா கழுவினாரு? யாரு சொல்லிக் குடுத்தது அதை?"

வாய்வரை வந்தது. வந்ததைத் திருப்பி அனுப்பினாள். "அவராதான் கழுவினாரு டாக்டர். எங்களுக்கு என்ன தெரியும்?"

டாக்டரம்மா ஊசி மருந்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "போட்டுப் பாப்போம். டெஸ்ட் வரட்டும். முதல் வேலையா அந்தத் தொட்டியை நிறுத்தச் சொல்லுங்க. டப்பாவைத் தொடக் கூடாது. ஏன்னு வீட்டுல எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."

சாயங்காலம் கொழுந்தனுக்கு மறுபடி போன் பண்ணினாள்.

"தம்பி, அந்த டானிக்கை நிறுத்திடு."

"இன்னும் மூணு நாள்தானே அண்ணி இருக்கு. இப்ப நிறுத்தினா தும்மல் திரும்ப வந்துடும்னு சொன்னாரே. ஏன், என்னாச்சு?"

ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் டப்பாவில் நிற்காது. குழாய்க்கு வரும், குழாயிலிருந்து கால் கழுவியதற்கு வரும். அன்றைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தவன் அவன். உங்களாலதான் அண்ணி என்று அவன் சொல்லமாட்டான், நினைப்பான். அந்த நினைப்பை அவளால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"டாக்டர் சொல்றாங்க. நிறுத்திடு, அவ்வளவுதான்."

"சரீ... அண்ணி," என்றான். இழுத்து வந்த சரி. அவளுக்குக் காதில் விழத்தான் செய்தது. சண்டை போட உடம்பில் சத்து இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை வைத்தாள். பொய். தைரியம்தான் இல்லை.

அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஊசி ஏறியது. மூத்திரப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நர்ஸ் மணிக்கொரு தரம் குனிந்து பார்த்தாள். போர்வையைத் தூக்கிக் காலைப் பார்க்கும்போதெல்லாம், கணுக்காலில் டாக்டரம்மா பேனாவால் போட்ட கோட்டைக் கறுப்பு தாண்டியிருக்கிறதா என்று பசை பார்த்தாள். முதல் நாள் தாண்டவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள், பக்கத்துக் கட்டில்காரரின் பெண்டாட்டி கொடுத்த ரொட்டியைத் தின்றாள். இரண்டாம் நாள் காலையில் பார்த்தபோது கோடு கறுப்புக்குள் போயிருந்தது. விரலால் தேடினாள். பேனா மையும் தோலும் ஒரே நிறமாக இருந்தன.

பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். கூடவே அறுவை டாக்டரும் வந்தார். இரண்டு பேராக வந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பத்தாவதும் ஆர் தாம்மா," என்றார் டாக்டரம்மா, அதே மெதுவான குரலில். "இனிமே மருந்தை நம்பிக் காத்திருந்தா விஷம் ரத்தம் முழுக்க ஏறிடும். இன்னைக்கே எடுத்துடணும். எடுத்த பிறகும், ஏற்கெனவே ரத்தத்துல போனதை உடம்பு தானா சமாளிக்கணும். எங்க கையில குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எட்டு வருஷப் படிப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து, பெயரின் நடுவில் கோணிக்கொண்டு ஓடியது.

ஸ்ட்ரெச்சர் வருவதற்கு முன்னால் அவர் கண்ணைத் திறந்தார். காய்ச்சலிலும் அந்தப் பழைய கிண்டல் உதட்டோரத்தில் இருந்தது.

"பசை, உன் நோட்டுல இல்லாத மருந்தைக் கண்டுபிடிச்சுட்டாங்களாமே. நர்ஸு சொன்னா."

"கேக்கலைங்க."

"ம்."

"காலை எடுக்கணுமாம். முட்டிக்குக் கீழ."

அவர் கூரையைப் பார்த்தார். அவர் கை போர்வைக்குக் கீழே போய் முட்டியைத் தடவித் தேடியது. அந்த மனுஷன் பயந்து அவள் அதுவரை பார்த்ததில்லை. கொட்டகை காற்றில் பிய்த்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் பயப்படவில்லை.

"தொட்டித் தண்ணியில வேளை தவறாமக் கழுவியும் இப்படி ஆயிடுச்சு பாரு," என்றார். "நீ சொன்னபடி கழுவலைன்னா இன்னும் முன்னாடியே போயிருக்கும்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள். ஸ்ட்ரெச்சர் வந்தது, தூக்கிப் படுக்கவைத்தார்கள், தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது.

வெளியே போட்டிருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது கொழுந்தன் வந்தான். தோளில் துணிப்பை, இடது கையில் சாப்பாட்டுத் தூக்கு. எல்லாவற்றையும் அந்த ஒரு கையாலேயே சமாளித்து இறக்கிவைத்தான். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

"கையில என்ன?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"காட்டு."

கையை முன்னால் கொண்டுவந்தான். பழைய துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தான். உள்ளங்கையில், கட்டை விரலுக்குக் கீழே, துணி மஞ்சளாக நனைந்திருந்தது. விரல்கள் லேசாக உப்பியிருந்தன.

"அந்தக் கம்பிதான் அண்ணி. அண்ணன் காலைக் குத்துச்சே, அதே கம்பி. அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஆத்திரமா வந்துச்சு. வெட்டிப் போட்டுடலாம்னு போனேன், கையில கிழிச்சுடுச்சு. சின்னக் கீறல்தான். எப்பன்னா, நீங்க எழுத்துக்கூட்டச் சொன்னீங்களே, அன்னைக்குச் சாயங்காலம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீங்க கவலைப்படாதீங்க. அண்ணனுக்குச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி காலையும் சாயங்காலமும் தொட்டித் தண்ணியிலதான் கழுவறேன். கோவிச்சுக்காதீங்க, டானிக்கை நான் நிறுத்தலை. மூணே நாள்தானேன்னு ஊத்திட்டேன். ஒரு நாள் முன்னாடியே, இன்னைக்கே டப்பா காலி. உங்களுக்காகக் கழுவி எடுத்துட்டு வந்திருக்கேன், நோட்டுல ஒட்டிக்கலாம்."

பைக்குள் கையை விட்டு, நீல மூடி டப்பாவை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான். நல்ல வேலை செய்துவிட்ட பிள்ளையின் முகம் அவனுக்கு.

பசை டப்பாவைப் பார்க்கவில்லை. எழுந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தோல் சுட்டது. "எங்க அண்ணி?" என்று அவன் கேட்கக் கேட்க, தியேட்டர் வாசலை விட்டு, வராந்தா முழுக்க அவனை இழுத்துக்கொண்டு நடந்தாள். உள்ளே அவர் காலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அங்கே இருக்க வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. நிற்கவில்லை.

டாக்டரம்மா அறைக்குள் வேறு ஏதோ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டாமல் உள்ளே போய், அவன் கையை மேசை விளக்குக்குக் கீழே வைத்தாள் பசை.

"டாக்டர், இது அவர் தம்பி. அதே கம்பி கிழிச்சிருக்கு. ரெண்டு நாளா அதே தண்ணியில கழுவியிருக்கான்."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நிறுத்தச் சொன்னேனே. ஏன்னு சொல்லலையா நீங்க?"

"சொல்லலை. அன்னைக்கு உங்ககிட்டயும் பொய் சொன்னேன். அவரா கழுவலை டாக்டர். நான்தான் கழுவச் சொன்னேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். இவன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான்."

கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தான், டாக்டரம்மா முகத்தைப் பார்த்தான். டாக்டரம்மா கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க வாடை வந்தது. இத்தனை நாளில் அவளுக்குப் பழகிப்போன வாடை அது. கீறலிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு சிவப்புக் கோடு மெல்லியதாக ஓடியிருந்தது. டாக்டரம்மா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கோடு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

பேனாவைப் பார்த்ததும்தான் அவன் முகத்தில் மிச்சமிருந்த தெம்பு போயிற்று. அண்ணன் காலில் அதே கோட்டை அவன் பார்த்திருக்கிறான்.

"அண்ணி," என்றான், சின்னக் குரலில். "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஒன்றும் ஆகாது என்று அவள் சொல்லவில்லை. அவன் இன்னொரு கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா பஞ்சுக் குச்சியால் சீழை எடுத்துக் குப்பியில் போட்டு மூடி, மேலே அவன் பெயரை எழுதி ஒட்டுகிறவரை அப்படியே நின்றாள்.